ஆவிப் பலகையும் காசு விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஈசூனில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி முகாம் முடிந்து வந்தால் யாராவது ஒரு பிள்ளை இந்தப் பேச்சை எடுக்கும். அப்புறம் அம்மாக்கள் தனியாகப் போன் செய்வார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் என்பதால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

வீஜா போர்டு, ஸ்பிரிட் ஆஃப் தி காயின் ரெண்டும் ஒண்ணுதானா டீச்சர்?

வேலை ஒன்றுதான், சாமான்தான் வேறு. வீஜா போர்டு (ஓஜா போர்டு என்றும் சொல்வார்கள்) கடையில் விற்கும் பலகை. ஆங்கில எழுத்துகளும் எண்களும் ‘யெஸ்’, ‘நோ’, ‘குட்பை’ என்ற சொற்களும் அதில் அச்சிட்டிருக்கும். மேலே இதய வடிவில் ஒரு சின்னக் கட்டை. எல்லாரும் அதில் விரல் நுனியை வைத்துக் கேள்வி கேட்பார்கள். கட்டை எழுத்து எழுத்தாக நகர்ந்து பதில் சொல்லும்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஓடும் ஸ்பிரிட் ஆஃப் தி காயின் இதன் செலவில்லாத வடிவம். கணக்கு நோட்டில் கிழித்த ஒரு தாள், ஐம்பது காசு நாணயம், தாளின் நடுவில் ‘ஹோம்’ என்று ஒரு வட்டம். தமிழ்நாட்டு விடுதிகளில் டம்ளரைக் கவிழ்த்து ஆடுவார்கள். சீனப் பிள்ளைகளிடம் தட்டு வைத்தும் பேனா பிடித்தும் ஆடுவது உண்டு. ஜப்பானில் இதே காசு விளையாட்டுக்குக் கொக்குரி-சான் என்று பெயர். இனிமேல் ‘பலகை’ என்று நான் எழுதினால் இவை எல்லாவற்றையும்தான் சொல்கிறேன்.

இது எகிப்து காலத்து மாந்திரீகம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

இல்லை. இது அமெரிக்காவில் விற்பனைக்கென்றே செய்த விளையாட்டுச் சாமான். 1848ல் நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற ஊரில் ஃபாக்ஸ் என்ற குடும்பத்துச் சகோதரிகள், ஆவி சுவரைத் தட்டிப் பதில் சொல்கிறது என்றார்கள். ஆவியோடு பேசும் மோகம் அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. அவர்களில் மார்கரெட் 1888ல் மேடையேறி, ‘கால் விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தம் போட்டோம்’ என்று செய்தே காட்டினார். மறு ஆண்டு அதை மறுத்தும் பேசினார். ஆனால் அதற்குள் உள்நாட்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனையோ. ஒப்புக்கொண்டதைக் கேட்க யாருக்கும் மனம் இருக்கவில்லை.

அந்தச் சூட்டில்தான் பால்டிமோரில் சில வியாபாரிகள் பலகையைத் தயாரித்தார்கள். 1891 பிப்ரவரியில் எலைஜா பாண்ட் என்பவர் பெயரில் காப்புரிமை கிடைத்தது. 1966ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. மறு ஆண்டே அது மொனாப்பலியைவிட அதிகம் விற்றது. சீனக் கோயில்களில் மணல் தட்டில் ஆவி எழுதும் வழக்கம் இதைவிடப் பல நூற்றாண்டு பழையது, அது வேறு கதை.

நான் தள்ளவே இல்ல. என் கூட்டாளியும் தள்ளலன்னு சத்தியம் பண்றான். அப்புறம் காசு எப்படி நகருது?

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனாலும் நகர்த்துவது உங்கள் விரல்கள்தான். ஒன்றை மனத்தில் நினைத்தாலே அதற்கேற்ற ஒரு மிகச் சின்ன அசைவு தசையில் உண்டாகும். நமக்கே அது தெரியாது. 1852ல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு ஐடியோமோட்டார் என்று பெயர் வைத்தார். நாலு விரல்கள் சேர்ந்தால் நாலு சின்ன அழுத்தங்களும் சேரும். காசு ஒரு தடவை நகரத் தொடங்கிவிட்டால் எல்லா விரலும் அதன் பின்னாலேயே போகும், போகிற போக்கில் தள்ளும். கையை நீட்டியபடி வெகுநேரம் இருந்தால் தோள் மரத்துப்போகும். எவ்வளவு அழுத்துகிறோம் என்ற கணக்கே தப்பிவிடும்.

1853ல் லண்டனில் மேசை தானாகச் சுழல்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மின்சார ஆராய்ச்சியில் பேர் பெற்ற மைக்கல் ஃபாரடே அதைச் சோதித்தார். அட்டைகளை அடுக்கி, இடையிடையே இளகிய பசை உருண்டைகளை வைத்து, அதன்மேல் கைகளை வைக்கச் சொன்னார். மேசை கையை இழுத்தால் அடி அட்டை முந்த வேண்டும். கை மேசையைத் தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. பிறகு, கை நகர்ந்தால் சாய்ந்து காட்டும் ஒரு முள்ளைச் செய்து கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர்களுக்கு மேசை அசையவே இல்லை. யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லாமலே விஷயத்தை முடித்துவிட்டார் மனிதர்.

சரி, ஆனா எங்க நாலு பேருக்குமே தெரியாத விஷயத்தைச் சொல்லுச்சே. அதுக்கு என்ன சொல்றீங்க?

தெரியாது என்று நாம் நினைப்பதெல்லாம் தெரியாதது ஆகிவிடாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2012ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்களின் கண்ணைக் கட்டி, பக்கத்தில் இன்னொருவரும் விரல் வைத்திருக்கிறார் என்று நம்பவைத்து, ஆமா இல்லையா என்று பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். உண்மையில் அந்த இன்னொருவர் விரலை எடுத்திருப்பார். ‘சும்மா குத்துமதிப்பாகச் சொல்கிறேன்’ என்று வாயால் சொன்னபோது பாதிக்குப் பாதிதான் சரி. அதே மாதிரிக் கேள்விகளுக்குப் பலகை வழியே வந்த பதில் ஏறக்குறைய 65 விழுக்காடு சரியாக இருந்தது. மனத்தின் ஓரத்தில் கிடப்பது விரல் வழியே வெளியே வருகிறது.

டென்மார்க் ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வில், ஆடுபவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கட்டை ஓர் எழுத்துக்குப் போவதற்கு முன்பே இருவரில் ஒருவர் கண்ணாவது அங்கே போயிருந்தது. முதல் எழுத்துகள் எப்படியோ விழுகின்றன, பிறகு யாராவது ஒருவருக்குச் சொல் புரிந்துவிடுகிறது. ‘ஆர்’, ‘ஏ’ என்று இரண்டு எழுத்து வந்ததும் ‘ஐயோ, எங்க தாத்தா’ என்று ஒரு பிள்ளை அலறும். ராமசாமி, ராஜு, ராமையா, ராஜமாணிக்கம். நம்மில் யார் வீட்டில்தான் ஒரு ‘ஆர்’ தாத்தா இல்லை?

ஃபோர்-டி நம்பர் கேட்டா சொல்லுமா?

நாலு இலக்க லாட்டரியான ஃபோர்-டி பற்றிப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. சொல்லும், நாலு எண்ணும் வரும். ஆனால் ஒரு குலுக்கலில் பத்தாயிரம் எண்களுக்கு 23 பரிசு எண்கள்தான். அடிக்காத எண்ணை அன்று இரவே மறந்துவிடுவோம். அடித்த எண்ணைப் பேரன் காலம்வரை சொல்வோம்.

‘ஹோம்’க்குப் போகாம பயந்துபோய் விரலை எடுத்துட்டோம். இப்ப அது எங்க கூடவே வந்துடுமா?

வராது. இந்தச் சட்டங்களைப் பாருங்கள்: காசு ஹோமுக்குத் திரும்பாமல் விரலை எடுக்கக் கூடாது, எப்படிச் செத்தாய் என்று கேட்கக் கூடாது, தனியாக ஆடக் கூடாது, ஆடிய காசைச் செலவழித்துவிட வேண்டும். கடையில் விற்ற பலகையோடு வந்த சட்டங்கள் இல்லை இவை, பிள்ளைகள் வாய்வழியாகச் சேர்ந்தவை. 1948ல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர், புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை தீனி விழும்படி ஒரு கூண்டு செய்தார். ஒரு புறா தீனி விழுமுன் இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. இன்னொன்று மூலையில் தலையை நீட்டிக்கொண்டே இருந்தது. தற்செயலாகச் செய்ததையே தீனிக்குக் காரணம் என்று அவை பிடித்துக்கொண்டன. நம் பிள்ளைகளின் ஹோம் சட்டமும் அந்த வகைதான்.

தாளைக் கிழித்துக் குப்பைக் குழாயில் போடுங்கள். மனத்துக்குத் தெம்பு என்றால் விளக்கேற்றிக் கும்பிடுங்கள், திருநீறு பூசிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுதான் அன்றைக்கு முக்கியம்.

ஆடின அன்னிக்கு ராத்திரி யாரோ நெஞ்சுல ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு. கத்தவும் முடியல.

பாட்டி காலத்தில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடம்பு தசைகளைப் பூட்டி வைக்கிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது நிஜமாகவே கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவோம். சில சமயம் மூளை விழித்துக்கொள்ளும், பூட்டு திறந்திருக்காது. கனவின் மிச்சமும் அறைக்குள் தெரியும். தூக்கம் கெட்டவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். பலகை ஆடிய இரவில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஓரிரு நிமிடத்தில் தானாக விலகிவிடும், உயிருக்கு ஆபத்து இல்லை. ஒருக்களித்துப் படுங்கள், நேரத்தோடு படுங்கள். அடிக்கடி வந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

ஏழாம் மாசத்துல, இல்லன்னா தெக்கோங் முகாம்ல ஆடினா ரொம்ப ஆபத்துன்னு அண்ணன் சொல்றான்.

தெக்கோங் தீவு முகாமில் தேசிய சேவைப் பயிற்சிக்குப் போன எல்லா அண்ணன்களும் சொல்வார்கள். சீனர்கள் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே ஊதுபத்தியும் படையலும் தாள் எரிக்கும் வாசனையும் இருக்கும்போது மனம் ஏற்கெனவே தயாராகிவிடுகிறது, காசு சீக்கிரம் ஓடுகிறது. அவ்வளவுதான். நிஜ ஆபத்து வேறு இடத்தில். 1997ல் மூடப்பட்ட பழைய சாங்கி மருத்துவமனைக்குள் ஆடப்போகிறேன் என்று வேலி தாண்டினால் அது அத்துமீறல் குற்றம். இருட்டில் இடிந்த படிக்கட்டு வேறு. ஆவி பிடிக்காவிட்டாலும் போலீஸ் பிடிக்கும்.

ஒரு தடவை ஆடினாலே அடிமையாயிடுவாங்களா?

மாட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தடவை ஆடி, ஒரு வாரம் கழிப்பறைக்குத் துணையோடு போய், மறந்துவிடுவார்கள். இன்னும் சிலருக்குச் சலிப்புத் தட்டிவிடும். சிக்கிக்கொள்பவர் சிலர்தான். அவர்களைச் சிக்கவைப்பது பலகை கொடுக்கும் பதில் இல்லை, கேட்கும் பழக்கம்.

பலகையின் பதில் ஒழுங்கில்லாதது. நாலு தடவை உளறும், ஐந்தாவது தடவை நெஞ்சைத் தொடும்படி ஒன்று சொல்லும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனிதன் விடாமல் காத்திருப்பான். ஜாக்பாட் இயந்திரம் முன்னால் உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாததும் இதனால்தான். அதோடு, பதில் கிடைத்ததும் வரும் நிம்மதி நிற்காது. ‘அவன் என்னை வெறுக்கிறானா?’ என்று கேட்டால் ‘நோ’ என்று வரும். பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம், ‘நான்தான் தள்ளிவிட்டேனோ?’ என்று சந்தேகம். சந்தேகம் தீர மறுபடி கேள்வி. கேட்கக் கேட்கச் சந்தேகம் குறையாது, கூடும். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் ஓசிடி தொல்லை உள்ளவர்களை மனநல மருத்துவர்கள் பார்ப்பதும் இதே சுழலில்தான். அந்தச் சுபாவம் உள்ளவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள், பள்ளியில் ஒதுக்கப்பட்டவர்கள், தூக்கம் கெட்டவர்கள், இவர்கள் பலகை பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

எம்புள்ள விளையாட்டா ஆடுதா, முத்திப்போச்சா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிரித்துக்கொண்டு கூட்டமாக ஆடும்வரை கவலை வேண்டாம். தனியாக ஆடத் தொடங்கினால் கவனியுங்கள். கதவைச் சாத்திக்கொள்வது, நடுராத்திரி எழுந்து உட்காருவது, என்ன சட்டை போடுவது, யாருடன் சாப்பிடுவது என்பதற்கெல்லாம் அனுமதி கேட்பது, ‘அது’வுக்கு ஒரு பெயர் வைத்து அதன் கோபதாபங்களைப் பற்றிப் பேசுவது, வேண்டாம் என்றால் அழுகை ஆத்திரம். இவை எல்லாம் சேர்ந்து வந்தால் விளையாட்டு முடிந்துவிட்டது.

ஓர் அம்மா தன் மகள் மெத்தைக்கு அடியில் வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்துகள் எல்லாம் புதிதாக இருந்தன. ‘யெஸ்’ என்ற இடம் மட்டும் காசு உரசி உரசிச் சாம்பல் நிறமாகப் பளபளத்தது, தாளே மெலிந்து விட்டிருந்தது. ‘நோ’ மேல் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பிள்ளை ஏற்கெனவே முடிவு செய்ததற்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா சத்தம் போடாமல், ‘எதுக்கும்மா இவ்ளோ யெஸ்?’ என்று கேட்டார். அன்றைக்குத்தான் பள்ளியில் நடந்துவந்த கேலி விஷயம் வெளியே வந்தது.

ஒன்று மட்டும் அவசரம். தாளும் காசும் இல்லாமலே குரல் கேட்கிறது, என்னை யாரோ கண்காணிக்கிறார்கள், என் எண்ணத்தை எடுக்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால் பலகையை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சிதைவு போன்ற நோய்கள் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுபவை. பலகை அதை உண்டாக்குவதில்லை. ஆனால் வீட்டார் எல்லாவற்றையும் பலகைமேல் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மனநலக் கழகத்தில் இப்படித் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கென்றே 2001 முதல் தனித் திட்டம் இருக்கிறது.

முடிவெடுக்க முடியாதப்ப மட்டும்தான் கேக்குறேன். பூவா தலையா போடுற மாதிரிதானே?

பூவா தலையாவில் காசு யார் பக்கமும் சாயாது. இதில் உங்கள் ஆசையின் பக்கமோ பயத்தின் பக்கமோ சாயும், ஆனால் வேறு யாரோ சொன்ன மாதிரி இருக்கும். 1994ல் இங்கிலாந்தில் ஓர் இரட்டைக் கொலை வழக்கில், பிரைட்டன் நகர ஓட்டலில் தங்கவைக்கப்பட்ட ஜூரிகளில் சிலர் டம்ளரைக் கவிழ்த்து, செத்தவரிடமே ‘யார் கொன்றது?’ என்று கேட்டார்கள். டம்ளர் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரைச் சொன்னது. விஷயம் வெளியே வந்து, தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணை வைத்தார்கள். அதிலும் அவர் குற்றவாளி என்றே தீர்ப்பு. டம்ளர் சரியாகத்தானே சொன்னது என்று ஒரு மாணவன் கேட்டான். அதுவரை நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சியம் கேட்டவர்கள் விரல் அது, வேறென்ன சொல்லும்?

பலகையை ஊரெங்கும் பரப்பிய வில்லியம் ஃபுல்ட், பலகை சொல்லித்தான் பெரிய தொழிற்சாலை கட்டினேன் என்று சொல்லிக்கொண்டார். 1927ல் அதே கட்டடத்தின் கூரையிலிருந்து விழுந்து இறந்தார். இதை ஆவியின் பழிவாங்கல் என்று சொல்லும் கதைகளை நம்ப வேண்டியதில்லை. கூரை வேலையில் விழுவது எங்கும் நடப்பதுதான்.

அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. போர்டுல அவங்ககிட்டதான் பேசுறேன். அதுல என்ன தப்பு?

தப்பு என்று சொல்ல நான் யார்? இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றுவதும், அடுப்படியில் குரல் கேட்பதும் துக்கத்தில் சகஜம், அது நோய் இல்லை. பலகையில் வரும் வார்த்தைகள் அம்மாவின் வார்த்தைகள் மாதிரியே இருப்பதும் உண்மை. ‘சாப்பிட்டியாம்மா’ என்று வரும், உங்களை வீட்டில் கூப்பிடும் பெயர் வரும். காசு எப்படி நகர்கிறது என்று மேலே சொன்னேனே, அதன்படி பார்த்தால் அவை உங்களுக்குள் இருக்கும் அம்மாவிடமிருந்து வருகின்றன. அந்த அம்மா பொய் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத எதையும் அவரால் சொல்ல முடியாது.

கனடாவின் பிரதமராக இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்த மெக்கென்சி கிங், 1917ல் இறந்த தன் தாயோடு ஆவி அமர்வுகளில் பேசியதை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நாடாண்டவருக்கே அந்த ஏக்கம் தீரவில்லை. இப்படி உட்காருபவர்கள் எத்தனை கேள்வி கேட்டாலும், நான் கவனித்தவரை, அடியில் ஒரே கேள்விதான்: என்மேல் கோபமா? இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால், கடைசி நாளில் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால். இதற்கு ‘நோ’ என்று காசு ஆயிரம் தடவை சொன்னாலும் ஆறாது, ஏனென்றால் சொல்வது நீங்களே என்று உள்ளே எங்கேயோ உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியை அம்மாவைப் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள், சித்தியிடம் கேளுங்கள், அக்காவிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தான்.

நம் வழக்கத்தில் இறந்தவரோடு பேச நாள் குறித்து வைத்திருக்கிறார்கள்: திதி, ஆடி அமாவாசை, படையல். அன்றைக்கு அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைக்கிறோம், அழுகிறோம், காக்கைக்கு வைக்கிறோம், மறுநாள் வேலைக்குப் போகிறோம். பலகைக்கு மறுநாள் கிடையாது. ஒவ்வொரு இரவும் அழைக்கலாம், ஒவ்வொரு இரவும் பிரியலாம். அதுதான் என் கவலை.

நம்ம கோயில்ல சாமி வந்து குறி சொல்றாங்க. அதை நம்பலாம், இதை நம்பக் கூடாதா? இது என்ன நியாயம்?

நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். அருள் வாக்கு எங்கிருந்து வருகிறது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றுதான். அங்கே நாள் உண்டு, நேரம் உண்டு, சுற்றிலும் பெரியவர்கள் உண்டு, கேட்டு முடித்ததும் திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மெத்தைக்கு அடியில் இருக்கும் தாளுக்கு அந்த வரம்பு எதுவும் இல்லை. ஆனால் குறி கேட்பதற்கே வாரம் மூன்று இடம் அலைபவர்களையும் பார்த்திருக்கிறேன். அடிமையாவது பற்றி எழுதியது அவர்களுக்கும் பொருந்தும்.

பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போகணுமா, டாக்டர்கிட்டயா?

இரண்டு பேரிடமும் போகலாம், டாக்டரைத் தள்ளிப்போடாதவரை. பிள்ளைக்கு நம்பிக்கை இருந்தால் கோயிலில் ஓர் அர்ச்சனை பெரிய ஆறுதல். நல்ல பூசாரி கும்பிடவைத்து, டாக்டரையும் பார் என்றுதான் அனுப்புவார். ‘மூன்று ஆவி பிடித்திருக்கிறது, ஆவிக்கு இவ்வளவு வெள்ளி’ என்று கணக்குப் போடுபவர், பிள்ளையைத் தனியறையில் விடச் சொல்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர், இவர்களைக் கண்டால் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

பள்ளி ஆலோசகரிடம் முதலில் பேசலாம். பலதுறை மருந்தகத்தில் பார்த்து, அங்கிருந்து கடிதம் வாங்கி மனநலக் கழகத்துக்குப் போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1771, எந்த நேரமும் அழைக்கலாம். மனநலக் கழகத்தின் 24 மணிநேர எண் 6389 2222.

போர்டு ‘நீ சீக்கிரம் வந்துடு’ன்னு கூப்பிடுதுன்னு தங்கச்சி சொல்றா. பயமா இருக்கு.

இதை விளையாட்டாக எடுக்காதீர்கள், ஆவி சமாசாரமாகவும் எடுக்காதீர்கள். காசு தங்கையின் மனத்தில் இருப்பதைச் சொல்கிறது. அவளைத் தனியாக விடாமல், ‘உனக்குச் சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1767ல் இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று சில வீடுகளில் தயங்குகிறார்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை.

நான் ஆப்லதான் ஆடுறேன். அங்க விரல் தள்ள முடியாதே, அப்புறம் எப்படிப் பதில் வருது?

எழுதிவைத்த பதில்களில் ஒன்றை நிரல் எடுத்துப் போடுகிறது. இறந்தவரின் குறுஞ்செய்திகளைக் கொடுத்தால் அவர் மாதிரியே பேசும் செயலிகளும் வந்துவிட்டன. காசாவது கை வலித்தால் நிற்கும். இது விடியவிடியப் பேசும். அம்மா கேள்விக்குச் சொன்னதை இதற்கும் சேர்த்துப் படியுங்கள்.

போர்டைத் தூக்கிப் போட்டா போதுமா?

போதாது, தாள் எங்கும் கிடைக்கும். எந்த நேரத்தில் கை போகிறது என்று கவனித்து அந்த நேரத்தை நிரப்புங்கள். பெரும்பாலும் இரவு பதினொன்றுக்குமேல்தான், வீடு அடங்கியபின். கைப்பேசியும் பிள்ளையும் வேறு வேறு அறையில் தூங்கட்டும். முதல் சில நாள் தவிப்பு கூடும். கேட்க வேண்டும் என்று தோன்றினால் கேள்வியை நோட்டில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் மாலைவரை பொறுக்கச் சொல்லுங்கள். மறுநாள் பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதிலே தேவைப்படாது.

அப்ப ஆவியே இல்லன்னு சொல்றீங்களா?

சொல்லவில்லை. காசை நகர்த்துவது விரல் என்றுதான் சொல்கிறேன். ஆவி உண்டு என்று நம்பும் என் மாமியாரே, ‘அதுங்களுக்கு ஐம்பது காசுல என்ன வேலை?’ என்பார்.

நீங்க சொல்றதை நாங்களே சோதிச்சுப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பகலில், கூடத்தில், பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு. முதலில் கண்ணைத் திறந்துகொண்டு சில கேள்விகள் கேளுங்கள். பிறகு ஆடும் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆடாத ஒருவர் சத்தமில்லாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, காசு நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். ஆவிக்குத் தாள் திரும்பியது தெரிந்திருக்க வேண்டும், விரலுக்குத் தெரியாது. காசு பெரும்பாலும், ‘யெஸ்’ முன்பு இருந்த இடத்தில் போய் நிற்கும்.

வீட்டில் அண்மையில் துக்கம் நடந்த பிள்ளையை மட்டும் இந்தச் சோதனைக்குச் சேர்க்காதீர்கள். மற்றவர்கள் வேடிக்கைக்கு உட்கார்ந்திருப்பார்கள், அந்தப் பிள்ளை நிஜமாகவே ஒன்றைக் கேட்க உட்கார்ந்திருக்கும்.